ஆடி முடிவதற்குள்

ஜூன் 8, ஞாயிறு

அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

எழுதினால் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான் இந்த நோட்டையே எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் போன் வந்தபோது ஹீட்டர் முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடிலெய்டில் இந்த மாதம் வெளியே போட்டால் துணி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். "மலரு, ஒரு சங்கதி சொல்லுதேன், கத்தாத" என்று ஆரம்பித்தாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. அங்கே வந்துபோகிற ஒருவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஏழெட்டு வருஷம். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷாவருஷம் சான்று காட்ட வேண்டுமே, அதற்கு நகல் எடுக்க வந்தாராம். பிறகு நகல் எடுக்க ஒன்றும் இல்லாமலும் வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு ஐம்பத்து நாலு. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். அவள் என்ன சந்நியாசமா வாங்கினாள்? எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

"உன் தம்பி வரமாட்டேன்னுட்டான். நீயும் வரலைன்னா நாதியத்தவ மாதிரில்லா நிக்கணும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கக் கேட்டிருக்கிற பி.ஆர். ஞாபகம் வந்தது. அந்த மனிதரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: பி.ஆர். வரட்டும். சோபா வாங்கலாமா? பி.ஆர். வரட்டும். கடற்கரைக்குக் கொண்டுபோக வாங்கிய இரண்டு மடக்கு நாற்காலிகளில்தான் மூன்று வருஷமாக உட்கார்ந்து டிவி பார்க்கிறோம். குழந்தையா? பி.ஆர். வரட்டும். அந்த நிரந்தர வசிப்புரிமை மாப்பிள்ளை முறுக்கோடு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

விண்ணப்பம் என் பெயரில். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, அதை வைத்துப் போட்டது. மாறன் என் கணவர் என்பதால் அதில் தொற்றிக்கொண்டிருக்கிறார். முடிவு வரும்வரை இருக்கலாம் என்று ஒரு தற்காலிக விசா. அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அனுமதி கொடுத்தாலும் ஒரு தேதி போடுவார்கள், அதற்குள் வந்துவிட வேண்டும்.

மாறனிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். ரசத்தைக் கீழே வைத்தார்.

"இப்பவே போகணுமா? பி.ஆர். வரட்டுமே, மலர்."

"அதுவரைக்கும் எங்கம்மா கல்லாப்பெட்டியில உக்காந்து வயசாகிட்டே இருக்கணுமா?"

"நாளைக்கு உன்னை உள்ள விடலைன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போச்சு. அஞ்சு வருஷ உழைப்பு." தட்டைத் தள்ளி வைத்தார். "எங்க வீட்ல வேற என்னன்னு சொல்றது?"

முதலில் சொன்னது நியாயமான பயம். இரண்டாவது சொன்னதற்குத்தான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

ஜூன் 14, சனி

விசா வேலை பார்க்கும் யோகராசா அண்ணனைப் போய்ப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே. பயணத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார்.

"எங்க அம்மாவுக்குக் கல்யாணம்."

"தங்கச்சிக்கோ?"

"அம்மாவுக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, அம்மாவுக்கு வருத்தம், ஆசுபத்திரியில எண்டு எழுதுவம். உடனே விளங்கும் அவைக்கு. கல்யாணம் எண்டால் ரெண்டாம் தரம் யோசிப்பினம்."

மாறன் வேகமாகத் தலையாட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நோயாளி அம்மா என்றால் இரங்குவார்கள், மணப்பெண் அம்மா என்றால் யோசிப்பார்களா? "எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்கண்ணே. கல்யாணம்னே எழுதுங்க" என்றேன்.

எழுதினார். "உங்கட அம்மாவுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

ஜூன் 21, சனி

தம்பி மகராசன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். "ஊருக்குள்ள நான் தலை நிமுந்து நடக்க வேண்டாமாக்கா?" என்றான்.

"நீ நடக்கது கோயம்புத்தூர்லதானல" என்றேன். வைத்துவிட்டான்.

ஜூலை 2, புதன்

அனுமதி வந்துவிட்டது. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை. நான் கேட்ட தேதிகளையே கொடுத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான்.

மாறன் கைகுலுக்கினார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் எனக்குக் கைகுலுக்கியது இதுதான் முதல் தடவை.

ஜூலை 3, வியாழன்

அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் கேலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம்.

"ஏட்டி, இது ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஆடியில்லா?"

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டூட்டி அட்டவணையைப் பார்த்தேன், விமான டிக்கெட்டைப் பார்த்தேன், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணி பிறப்பது பதினேழாம் தேதி. என் அனுமதி பதினாறோடு முடிகிறது. குளிரில் பற்கள் தந்தியடிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஆடி என்றொரு மாதம் இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

யோகராசா அண்ணனைக் கேட்டேன். வெளியே போன பிறகு தேதியை நீட்ட முடியாதாம். புதிதாகக் கேட்டாலும் எப்போது வருமென்று தெரியாது. லீவும் இதை விட்டால் கிறிஸ்துமஸுக்குத்தான்.

மாறன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும், போகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூலை 5, சனி

அம்மா கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆடியிலயே வச்சுக்கிடுவோம்."

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஐம்பத்து நாலு வயசுல கட்டுதாளேன்னு பேசத்தான போகுது. அதோட சேத்து ஆடியையும் பேசிட்டுப் போகட்டும், ரெண்டு வேலை ஒரே வேலையா முடிஞ்சிரும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பத்துப் பொருத்தம் பாத்து, முகூர்த்தம் பாத்து, மாசு மருவில்லாத நாள்லதான் உங்கப்பா கட்டுனாக. நாப்பத்தொம்பது வயசுல போய்ச் சேந்துட்டாக. நல்ல நாளு எனக்கு என்னத்தக் கிழிச்சுது?"

ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டால் போதாதா, அதற்கு ஆடி, ஆவணி கிடையாதே என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுவும் போடுவேன். ஆனா தாலி வேணும். பதினாறாம் நாளு ஊரையே கூட்டி வச்சு அறுத்தாகல்லா? அதே மாதிரி எல்லாரும் பாக்கத்தான் கட்டணும்."

போனை வைத்த பிறகு குளியலறையில் போய் அழுதேன். துக்கமில்லை. கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 19, சனி

விமான நிலையத்தில் மாறன் சொன்னார்: "எங்கம்மாகிட்ட, உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன்."

சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்கு அப்பால் நின்றுகொண்டே இருந்தார். பார்க்கிங் கட்டணம் ஏறுமே என்று எப்போதும் அவசரப்படுகிறவர்.

எனக்குப் பயமில்லை. திரும்ப விடுவார்களா என்கிற கேள்வியே எனக்கு வரவில்லை. அனுமதிக் கடிதத்தை மூன்று நகல் எடுத்து மூன்று பையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

கோவில்பட்டி. காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கிறது. அம்மா தலைக்குச் சாயம் அடிக்கவில்லை. "அவுக வேண்டாம்னுட்டாக" என்றாள்.

அவர் வந்திருந்தார். உயரம், சட்டைப்பையில் இரண்டு பேனா. கடையில் மெஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. அங்கிள் என்பது நாக்கில் வரவில்லை. சார் என்றேன்.

"டிரைவர்னே சொல்லும்மா. முப்பது வருசமா அப்படித்தான் கூப்பிட்டாக" என்றார்.

நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது. கடைச் சுவரில் இருக்கிற அப்பா படத்துக்குப் புதிதாகப் பூ போட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவை. "ஆடியில கட்டுதவளுக்குத்தான் இந்தக் கொடுப்பினை" என்று அம்மா கடைக்காரரிடமே சொன்னாள். அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அரக்கு நிறம். வெளிர் நிறமாக எடுக்கலாமே என்று நான் சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயிலில் முடியாது என்றுவிட்டார்கள். ஆடியில் நடத்துவதில்லையாம். மண்டபங்கள் எல்லாம் காலி, ஆனால் ஆடியில் கல்யாணம் நடந்தால் மண்டபத்தின் ராசி போய்விடும் என்கிறார்கள். மேளக்காரர்கள் மாரியம்மன் கொடை விழாக்களுக்குப் போய்விட்டார்கள்.

அம்மா கடை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "இங்கேயே வச்சா என்ன? திங்கக்கிழமை காலையில. அன்னைக்குத்தான் பஸ் ஸ்டாண்டுல கூட்டம் நெரியும்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "மெஷின எங்க தள்ளுதது?"

"அது நிக்கட்டும். அதுதான நம்மளச் சேத்து வச்சுது."

ஆகஸ்ட் 6, புதன்

மாறனின் அம்மா போன் செய்துவிட்டார், ஆபரேஷன் எப்போது என்று கேட்டு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினொன்னாந்தேதி காலையில மதினி. ஆமா, பெரிய டாக்டர்தான். வலியெல்லாம் இருக்காது" என்றாள். வைத்த பிறகு டிரைவரோடு சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நகல் எடுக்க வந்த பையன் பயந்து போய்விட்டான்.

அதன் பிறகு அம்மா மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். "உன் மாப்பிள்ளைக்கு என்னைய நினைச்சு அவ்வளவு வெக்கமா?" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

இமிகிரேஷனிலிருந்து மெயில் இல்லை. பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை, போன் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டோம். ஜெராக்ஸ் மெஷின் மேல் வெற்றிலை, பாக்கு, தேங்காய்த் தட்டு. எதிரே திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போகிற பஸ்கள். இறங்கியவர்கள் நின்றார்கள், ஏறியவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் யாரோ, "ஆடியிலயா?" என்பது கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி, "ஆமாய்யா, ஆடியிலதான். வந்து பாயசம் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

தம்பி வரவில்லை. டிரைவரின் தங்கச்சி ஜெயசெல்வி வந்திருந்தார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். அது அவருடைய உரிமை. வாசல்வரை வந்தவர் உள்ளே வரவில்லை. "அண்ணே, கோவிச்சுக்கிடாத. ஆடி மாசத்துல என் கையால முடிச்சுப் போட மாட்டேன். நாளைப்பின்ன ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்லுவாக" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டிரைவர் தாலியை எடுத்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைகளால் அம்மாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட்டார். கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் யாரும் இல்லை. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, அவள் தோள் மட்டும் இறுகியது. பதினாறாம் நாள் அவள் தோள் அப்படித்தான் இருந்தது. நான் அன்றைக்கு மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போய் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன்.

"மகளா போடுதது? முறையில்லையே" என்றது ஒரு குரல். இருக்கட்டும். மஞ்சள் ஈரத்தில் கயிறு வழுக்கியது. அம்மாவின் பிடரியில் நரைமுடிகள் ஒட்டியிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதை, எந்தக் கொம்பனும் அவிழ்க்க முடியாதபடி இழுத்துப் போட்டேன்.

கெட்டிமேளம் இல்லை. அப்போது திருநெல்வேலி பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அமுக்கினார். உடனே மதுரை பஸ். பிறகு டவுன் பஸ், மினி பஸ், ஸ்டாண்டில் நின்ற அத்தனை வண்டியும். எல்லாம் மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் பழகியவர்கள். ஏர் ஹாரன் சத்தத்தில் கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. ஜெயசெல்வி காதைப் பொத்திக்கொண்டு அழுதார். எதற்கென்று அவருக்குத்தான் தெரியும்.

வீடியோவில் மாறன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். ஹாரன் ஓய்ந்ததும் அவர் குரல் கேட்டது: "அத்தை, நல்லா இருங்க. எங்கம்மாகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

ஆகஸ்ட் 14, வியாழன்

தூத்துக்குடியில் காலை விமானம் ரத்து. காற்று. சென்னையில் ராத்திரி விமானத்தைப் பிடிக்காவிட்டால், ஒரு நாள் விட்டு வருகிற அடுத்ததில் நான் போய்ச் சேர்வது பதினேழாம் தேதி. என் அனுமதி செத்துப்போன மறுநாள். கவுண்டரில் இருந்த பெண் பாவம், அவளிடம் கத்தினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். பயமாக இருந்தது. இதை எழுதிவிடுகிறேன்: ஜூன் மாதத்திலிருந்தே பயமாகத்தான் இருந்தது.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாக. இந்த ஏரோபிளேன் பறக்க மாட்டேங்குதே" என்றார் வழியனுப்ப அம்மாவோடு வந்திருந்த டிரைவர். பிறகு பெட்டியைத் தூக்கினார். "மெட்ராஸ்தான? நான் கொண்டுபோய் விடுதேன்."

"அவ்வளவு தூரமா?"

"டயத்துக்கு வண்டி கொண்டுபோய் நிறுத்துததுதான்மா நம்ம பொழப்பே."

நண்பரின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அம்மா முன்சீட்டில், புதுத் தாலியோடு, மடியில் இட்லிப் பொட்டலம். அவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை, யாரையும் திட்டவில்லை, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. திருச்சி தாண்டி டீக்கு நிறுத்தியபோது என் டீயில் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார். நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. கவனித்திருக்கிறார்.

விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் மிச்சமிருந்தது.

"போய்ட்டு வாரேன், சித்தப்பா" என்றேன்.

அவர் பெட்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அடிலெய்டு. கவுண்டரில் இருந்தவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "நாளையோடு முடிகிறதே, ஏன் இவ்வளவு நெருக்கத்தில் வந்தீர்கள்?" என்றார்.

"என் அம்மாவுக்குக் கல்யாணம்."

நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை நான் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "ஆமாம், என் அம்மாவுக்கு" என்றேன். போகலாம் என்று பாஸ்போர்ட்டைத் தள்ளினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஊரில் ஆவணி பிறந்துவிட்டது. இனி எல்லோரும் நல்ல நாள் பார்த்துக் கட்டுவார்கள். கட்டட்டும்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தோம். மாறனின் அம்மா ஒரு வாரமாக அவரோடு பேசவில்லையாம். வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் முதுகு நேராக இருந்தது. பி.ஆர். பற்றி மெயில் எதுவும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம்.

"இன்னைக்குப் போய் சோபா வாங்கிட்டு வருவோம்" என்றேன். "குழந்தையைப் பத்தியும் பேசணும்."

பழக்க தோஷம். "பி.ஆர். வரட்டுமே, மலர்" என்றார்.

"வரட்டுமே. வந்தா உக்காரச் சொல்ல ஒரு சோபா வேண்டாமா?"

கார் சாவியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நான் வாசலில் இறங்கினேன்.